செவலைக்குப் போட்ட உப்புக்கண்டம்

பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த வருஷங்களை நினைத்தாலே கமலத்துக்கு முதலில் செவலைதான் ஞாபகத்துக்கு வரும். விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொண்ட நாய். சூளைச் சுவரின் வெதுவெதுப்பில் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் முதலாளி மாதிரி ஒரு பார்வை பார்க்கும். கமலத்தைக் கண்டால் மட்டும் அந்த மிடுக்கெல்லாம் போய்விடும். வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். பிள்ளையில்லாத அவளுக்கு அது போதுமாயிருந்தது. எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

அறுபத்தெட்டில் மாரியம்மனுக்குக் கிடா வெட்டியபோது, மிஞ்சின கறியில் உப்பும் மஞ்சளும் பிசறிக் கயிற்றில் கோத்துக் காயவைத்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாளைக்கு லீவாயிற்றே, செவலை பட்டினி கிடக்குமே என்று அதில் இரண்டு கை அள்ளிவந்து போட்டாள். வீட்டுக்கென்றால் வெந்நீரில் ஊறவைத்து நன்றாக அலசாமல் சட்டியில் போடமாட்டாள். நாய்க்கு எதற்கு அதெல்லாம் என்று இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவள் போனபோது, செவலை கிளேஸ் தொட்டியடியில் காலை உதறிக்கொண்டு கிடந்தது. மூஞ்சியெல்லாம் வெள்ளை. கோப்பைகளின் பளபளப்புக்காக ஈயம் கலந்து வைத்திருந்த தண்ணீரைக் குடித்திருந்தது. மத்தியானத்துக்குள் உயிர் போய்விட்டது.

"தொட்டிய மூடாம போனவன் எவன்டா?" என்று மேஸ்திரி குதித்தார்.

கிளேஸ் கலக்கும் பக்கிரி முன்னால் வந்தார். "நாந்தாங்க. மறந்துட்டேன்."

ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினார்கள். நாய்க்கு ஏன் அப்படித் தாகமெடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. கமலத்துக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்வது?

எட்டு வருஷம் கழித்து, வேலையை விட்டு மகனோடு இருக்கக் கிளம்பிய பக்கிரியை பஸ் ஸ்டாண்டில் பிடித்தாள்.

"அண்ணே, செவலையக் கொன்னது நீங்க இல்ல. உப்புக்கண்டத்த ஊறவெக்காம போட்டது நாந்தான். அந்தத் தாகத்துலதான் போயி குடிச்சிருக்குது." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"தெரியும்மா" என்றார் பக்கிரி. "அன்னிக்கு மொதல்ல வந்தவன் நாந்தான. வாந்தி எடுத்ததுல கண்டம் துண்டு துண்டா கெடந்துது. நீ வர்றதுக்குள்ள கூட்டி அள்ளிட்டேன்."

"அப்புறம் ஏண்ணே திட்டு வாங்குனீங்க?"

"என்னைத் திட்டுனா நாலு நாளுல மறந்துடும். நீ அதப் புள்ளயாட்டம் வெச்சிருந்த. ஒன்ன யாராவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா தாங்கியிருப்பியா?"