ஒட்டாமல் விட்ட படம்

அக்காவுக்கு நாய்களை நம்பத் தெரியும், மனுஷங்களை நம்பத்தான் வராது. நாய்க் காப்பகத்தில் அவளைவிட மூத்த சமையல்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வாயைத் திறந்தால் பட்டாசுதான். வளர்த்த நாயை வேண்டாம் என்று கொண்டுவந்து விடுகிறவன், பத்து நிமிஷத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போவான்.

வழிதவறி வந்த நாய் எதுவானாலும் அன்றைக்கே படமெடுத்து வாசல் பலகையில் ஒட்டிவிட வேண்டும். தொலைத்தவர் வந்து பார்க்க வேண்டாமா? அந்தச் சட்டத்தைப் போட்டதே அக்காதான். ஆனால் நாலு மாசத்துக்கு முன்னால் வந்த செவலை நாய்க்கு மட்டும் படம் ஒட்டவில்லை. அதன் நீலக் கழுத்துப் பட்டை சதைக்குள் புதைந்து கிடந்தது. டாக்டர் அதை வெட்டி எடுக்கிறவரைக்கும் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அக்கா.

"குட்டியில கட்டின பட்டையை ஒருநாளாவது தளர்த்தியிருப்பானா பாவி? அவன் கையில இதைத் திரும்பக் குடுக்கவா?" என்று குமுறினாள்.

அந்தப் 'பாவி' ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டில் வந்து நின்றார். பஸ் டிரைவர். கையில் ஒரு குட்டியின் படம், அதன் கழுத்தில் அதே நீலப் பட்டை. அக்கா கேட்டைத் திறக்கவில்லை.

"இந்த மாதிரி ஏதாவது வந்துச்சாங்க?"

"வரலை."

"உள்ள ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேனே."

"உள்ள தொத்து வியாதி. யாரையும் விடறதில்லை." பொய் தடங்கலே இல்லாமல் வந்தது.

அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். "ஐயோ, என்னால மத்ததுங்களுக்கு ஏதும் ஆயிடக் கூடாதுங்க. பலகையிலயே பாத்துக்கறேன், மாசாமாசம் பாக்கறதுதானே. அஞ்சு மாசக் குட்டியில ஓடிப்போச்சு, ஒண்ணரை வருஷமாச்சு. பட்டையை அன்னிக்குக் காலையிலதான் என் பொண்ணு ஆசையா கட்டிவிட்டா."

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. யாரும் இறுக்கிக் கட்டவில்லை. தெருவில் அலைந்து நாய் வளர்ந்துவிட்டது, பட்டை வளரவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷம் நாய்களோடு கிடந்தவளுக்கு இது தோன்றவில்லையே! இந்த மனுஷன் நாலு தடவை இதே பலகையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போயிருக்கிறார். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்குத் தெரியாது என்று ஒரு எண்ணமும் வந்தது பாருங்கள், அதுதான் இன்னும் கேவலம்.

பலகையைப் பார்த்துவிட்டு அவர் தெருமுனைக்குப் போவதற்குள் பின்னாலேயே ஓடினாள்.

"உள்ளதாங்க இருக்கு. நாலு மாசமா இருக்கு. வியாதியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நீங்க கொடுமைப்படுத்தினீங்கன்னு நினைச்சு நான்தான் வேணும்னே படம் ஒட்டலை."

அவர் கூடவே திரும்பி வந்தார். செவலை அவர் கையை முகர்ந்தது, மறுபடி முகர்ந்தது, அப்புறம் ஊளையிட்டுக்கொண்டே மேலே பாய்ந்தது. அவர் கழுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார்.

திட்டப் போகிறார், திட்டட்டும் என்று அக்கா நிமிர்ந்து நின்றாள்.

"பாப்பா உங்களுக்கு நன்றி சொல்ல வருவா. நேத்துதான் உங்களுக்குக் கிடைச்சுதுன்னு சொல்லிடறேன். உங்களை அவ தப்பா நினைச்சுடக் கூடாது."

வேண்டாங்க, உள்ளதைச் சொல்லுங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"சரிங்க" என்றாள்.