இல்லாத பாத்ரூமில் விழுந்தவன்

கலியமூர்த்தியின் வலது கை மூன்று இடத்தில் மடங்கும். முழங்கை, மணிக்கட்டு, இரண்டுக்கும் நடுவே இன்னொன்று. அந்த மூன்றாவது மடிப்பைக் கடவுள் வைக்கவில்லை, கான்ட்ராக்டர் ராஜ்மோகன் வைத்தார் என்பாள் அவன் மனைவி விருத்தாம்பாள். புருஷன் பல்லை இளித்துக்கொண்டு வாங்கிக்கொண்டான் என்பதையும் சேர்த்தே சொல்வாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், சுரங்கத்தில் நிலக்கரி ஏறும் பெல்ட்டுக்கு உருளை மாற்றும்போது கை உள்ளே போய்விட்டது. முன்கை எலும்பு இரண்டும் முறிந்தன. ராஜ்மோகன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் விபத்து என்று பதிவாகிவிடும். தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு, கம்மாபுரம் தாண்டி எலும்புக் கட்டு போடும் ஒருவரிடம் போனார். மூங்கில் பத்தை, முட்டை, துணி, ஆயிற்று வைத்தியம்.

"வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு. கம்பெனில பர்மனென்ட் ஆக்கற லிஸ்ட்ல உன் பேரை நான் பாத்துக்கறேன்" என்று வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தார். மகராசன் தலையாட்டினான்.

விபத்து நடக்கவில்லை என்றால் ஆள் வேலைக்கு வந்தாக வேண்டுமே! மறுநாள் காலை ஷிப்டுக்கு வாசலிலேயே ஜீப் நின்றது. கட்டுப் போட்ட கையோடு ஸ்டோர் ரூம் நாற்காலியில் உட்காரவைத்து, இடது கையால் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்றரை மாதம் இந்தக் கூத்து. சுரங்கத்துப் பாதையில் ஜீப் குலுங்கக் குலுங்க, கட்டுக்குள்ளே எலும்பு ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருந்தது. இவனோ, "எனக்குன்னு தனியா ஜீப் அனுப்பறாருடி" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கட்டைப் பிரித்தபோது கை தொங்கியது. கடலூரில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்பு சேரவே இல்லை, இனித் தானாகச் சேராது என்றார். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, பிளேட் போட வேண்டும்.

"வேலையில அடிபட்டிருந்தா கான்ட்ராக்டர்தான் ஆபரேஷன் பண்ணித் தரணும். எங்க அடிபட்டது?"

"பாத்ரூம்லங்க."

வெளியே வந்ததும் விருத்தாம்பாள் கேட்டாள். "யோவ், நம்ம வூட்டுல பாத்ரூம் ஏதுய்யா? முந்திரித் தோப்புக்கு சொம்பு தூக்கிகினு போறவங்கதான நாம?"

"லிஸ்ட்டுல பேரு இருக்குடி."

அந்த லிஸ்ட்டை நம்பித்தான் தொங்கும் கையோடு ஸ்டோர் ரூமுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். அதை அவன் கண்ணால் பார்த்ததில்லை. இப்படி ஒருவனுக்குக் கழுத்தை நீட்டினோமே என்று அவனை விட்டுவிட்டு அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

பாதுகாப்பு வாரம் வந்தது. ஆயிரம் நாள் விபத்தில்லாமல் வேலை பார்த்த கான்ட்ராக்டர் என்று ராஜ்மோகனுக்கு ஷீல்டு. குடும்பத்தோடு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். கலியமூர்த்திக்கு ஒரு முழுக்கைச் சட்டையும் வந்தது. அதைப் போட்டு, பொத்தான் மாட்டிவிட்டதுகூட விருத்தாம்பாள்தான்.

டவுன்ஷிப் மண்டபத்து மேடையில் பாதுகாப்பு அதிகாரி அருள்மொழி மேடம் ஷீல்டைக் கொடுத்தார். எல்லோரும் தட்டினார்கள். கலியமூர்த்தியும் தட்டினான். வலது கையைத் தூக்க, சட்டைக்குள்ளே அது நடுவில் மடிந்து தொங்கியது. இடது கை போய்த் தேடிப் பிடித்துத் தட்டியது. சத்தமே வரவில்லை. முகத்தில் மட்டும் அப்படி ஒரு பூரிப்பு.

அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. அவனை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய், சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள்.

"மேடம், இது எங்க ஒடஞ்சதுன்னு ஷீல்டு வாங்கனவரையே கேளுங்க!"

அந்தக் கையைப் பார்த்ததும் அருள்மொழிக்கு முகம் சுருங்கியது. ராஜ்மோகனைக் கேட்கவில்லை. கலியமூர்த்தியைத்தான் கேட்டார்.

"பயப்படாம சொல்லுங்க. வேலையில அடிபட்டிருந்தா ஷீல்டைத் திருப்பி வாங்கிடுவோம். ஆபரேஷனுக்கு நான் பொறுப்பு. எங்க அடிபட்டது?"

இந்த ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மனுஷனாக இருந்துவிடேன் என்று விருத்தாம்பாள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் ராஜ்மோகனைப் பார்த்தான்.

"வூட்டு பாத்ரூம்லதாங்க மேடம்."

அருள்மொழி அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு, "அப்ப நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா இந்தக் கையோட உங்கள மைன்ஸுக்குள்ள விட முடியாது. கேட் பாஸைக் குடுத்துடுங்க" என்றார்.

கேட் பாஸ் போனால் வேலை இல்லை. வேலையே இல்லாதவனுக்கு எந்த லிஸ்ட்? அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "மேடம், பெல்ட்டுல..." என்று வாயைத் திறந்தான். ஒலிபெருக்கியில் அடுத்த பரிசை அறிவித்துவிட்டார்கள். கைதட்டலில் அவன் சொன்னது அவனுக்கே கேட்கவில்லை.

பாஸ் கழுத்தில் நாடாவில் தொங்கியது. ஒற்றைக் கையால் கழற்றப் பார்த்தான், காதில் மாட்டிக்கொண்டது. விருத்தாம்பாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ராஜ்மோகன்தான் ஷீல்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து, பக்குவமாகக் கழற்றிவிட்டார்.

"ரொம்ப நன்றிங்க சார்" என்றான் கலியமூர்த்தி.