வீரமலைக் கங்காணியின் வாட்ச்

...அவனே வந்து வாட்சை எடுத்துக்கொண்டு போகட்டும், வாசலிலேயே நிற்க வைத்துக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் சுதாகரன் நினைத்திருந்தான், ஆனால் காலையில் போனில் லோஜன் சொன்னது வேறு. "மச்சான், இங்க பெயின்ட் அடிக்கிறவங்களோட மல்லுக்கட்டவே எனக்கு நேரம் சரியா இருக்கு, மூணு மணிக்கு ஜெயந்தினி ஹட்டனுக்கு வர்றா, அவகிட்ட குடுத்துரு." எவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டான்... பிறகென்ன, அவனுடைய மனைவி, பதினெட்டு வருஷமாக அவனுடைய மனைவி, அனுப்பத்தானே செய்வான். இப்போது மணி பத்து, இன்னும் ஐந்து மணி நேரம் என்று ஓடிய மனதைச் சுதாகரனே அதட்டினான், உனக்கென்னடா அவசரம், வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவன் நீ, வருகிறவர் வரட்டும், வாங்கிக்கொண்டு போகட்டும். அதட்டிவிட்டு, சுவரில் தொங்கிய சின்னக் கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஒருமுறை சீவிக்கொண்டான். செவ்வாய்க்கிழமை லோஜன் கொண்டுவந்து வைத்த வாட்ச், மூன்று நாளாக இழுப்பறைக்குள் பூட்டியே கிடந்தது. வேலை அதிகம் என்று சொன்னதெல்லாம் பொய், தொட மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வட்டவளையில் லோஜனின் விடுதி திறப்புவிழா, பழைய பெரிய கங்காணி வீட்டைப் புதுப்பித்து வெள்ளைக்காரப் பயணிகள் தங்குகிற மாதிரி ஆக்கியிருக்கிறான், கூடத்தின் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் இந்தத் தங்க வாட்ச். "உள்ள கொஞ்சம் துடைச்சு, ஓட வச்சுக் குடு மச்சான், ஒன்னய விட்டா வேற யாரு இருக்கா?" யாரும் இல்லைதான். ஆனால் அதை லோஜன் வாயால் கேட்டபோது, ஏதோ அவனாகப் பார்த்துப் போட்ட பிச்சை மாதிரி இருந்தது.

முன்மூடியைத் திறந்தான். உள்பக்கத்தில் இங்கிலீஷில், கொடியாக வளைந்த எழுத்து. வீரமலைக் கங்காணிக்கு, நேரம் தவறாத சேவைக்காக, 1911. இதைப் பார்க்காமலே அவனால் ஒப்பித்திருக்க முடியும், பள்ளிக்கூடத்தில் லோஜன் இந்தக் கதையைச் சொல்லாத வாரம் கிடையாது. லோஜனின் கொள்ளுத்தாத்தா வீரமலை திருச்சிப் பக்கமிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு எண்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாராம், கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக மலையேறினால் துரையே எதிரே நின்று பேசுவாராம், சீமைக்கு லீவில் போன துரை திரும்பி வரும்போது இவருக்கென்றே சொல்லிச் செய்வித்துக் கொண்டுவந்த வாட்சாம், கொடுத்த அன்று தோட்டம் முழுவதையும் வரிசையாக நிற்க வைத்துக் கை தட்டச் சொன்னார்களாம். கை தட்டியவர்களில் என் பூட்டனும் இருந்திருப்பார் என்று ஒருநாளும் லோஜனுக்குத் தோன்றியிருக்காது. இப்போது அந்தக் கதையை ஜெயந்தினி சொல்கிறாள், விடுதியின் விளம்பர வீடியோவில், மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, அழகான இங்கிலீஷில். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தான், பிறகு சத்தத்தோடு, பிறகு... ஏழு தடவையா, எட்டு தடவையா? "எங்கள் கொள்ளுத்தாத்தா" என்கிறாள். எங்களாம்! மல்லியப்பூச் சந்தியில் தபால்காரர் மகளாக இருந்தவளுக்கு வீரமலை எப்போது கொள்ளுத்தாத்தா ஆனார்? தாலி கட்டினால் கணவனோடு சேர்த்து அவனுடைய நூறு வருஷமும் கிடைத்துவிடுகிறது போலும். பொறாமை, வேறென்ன, சொன்னால் என்ன, பொறாமைதான், அடிவயிற்றில் பச்சை மிளகாயை அரைத்து வைத்த மாதிரி. வீட்டில் சர்மிளா இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், காலையில் அவள் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல் அதோ மேசைக் கோடியில் இருக்கிறது, இதெல்லாம் தெரியாதவன் அல்ல அவன்.

லோஜனுக்கு ஒரு வாட்ச் கிடைத்தது, எங்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு பேர். அதுவும் பாதி. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள், கூப்பிடும்போது இருந்தால் அன்றைக்கு முழுப்பேர், பிந்தி வந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம், நாள் முழுக்க மலையில் முறிந்தாலும் அரைப்பேர்தான். அவன் பூட்டன் ஆண்டியப்பன் மேல் டிவிசன் லயத்து வரிசை வீட்டிலிருந்து இரண்டு மைல் இறங்கி வரவேண்டும், வருஷக்கணக்காக வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் அரைப்பேர் வாங்கியவர், அதனால் அந்த வீட்டுக்கே அரைப்பேரு வீடு என்று பேர் வந்துவிட்டது. ஆண்டியப்பன் செத்தும் அந்தப் பேர் போகவில்லை, அவர் மகன் செத்தும் போகவில்லை. அப்பா நாலரைக்கே எழும்பி, பெரட்டு தொடங்க முக்கால் மணி நேரம் முந்திப் போய் இருட்டில் தனியாகக் குந்தியிருப்பார், அப்படியும் "இந்தா அரைப்பேரு வந்துட்டான்" என்பார்கள். பத்தாம் வகுப்பில் ஒருநாள் மழையில் நனைந்து பிந்தி வந்த சுதாகரனைப் பார்த்து, கடைசி வரிசை வாங்கிலிருந்து லோஜன் அதையே சொன்னான். "சேர், அரைப்பேரு போடுங்க சேர்!" வகுப்பே சிரித்தது. ஜெயந்தினி சிரித்தாளா? அதுதான் இன்றுவரை தெரியவில்லை. அவள் முன்வரிசையில் இருந்தாள், அவன் பார்த்தது இரட்டைப் பின்னலைத்தான், பின்னல் ஆடியது, சிரித்தாலும் ஆடும், திரும்பிப் பார்க்க நினைத்துத் திரும்பாமல் விட்டாலும் ஆடும்... இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பின்னல் ஆடிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் எங்கேயும் ஒரு நிமிஷம்கூடப் பிந்தியதில்லை.

பின்மூடியை நெம்பினான், அதற்குள் இருந்த தூசு மூடியையும் நெம்பினான், லென்ஸைக் கண்ணில் செருகிக் குனிந்தான். எண்ணெய் கறுத்து இறுகிப் பிசின் மாதிரி ஆகியிருந்தது, யாரும் திறந்து ஐம்பது அறுபது வருஷமாவது இருக்கும். நல்ல சாமான், சும்மா சொல்லக்கூடாது, சக்கரம் ஒவ்வொன்றும் செதுக்கி வைத்த மாதிரி... சாமணத்தை எடுக்கப் போனவன் நின்றான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன முள், அதற்கொரு அளவுகோடு, ஒரு பக்கம் மெது, ஒரு பக்கம் விரைவு, முள் நடுவிலோ நடுவுக்கு ஒன்றிரண்டு கோடு தள்ளியோ இருப்பதுதான் வழக்கம். இது விரைவுப் பக்கத்தின் கடைசியில், இனி நகர இடமில்லாத அளவுக்கு முட்டிக்கொண்டு நின்றது, பழைய எண்ணெய் அந்த இடத்திலேயே அதைப் பிடித்து இறுகியிருந்தது. பக்கத்தில் நகமோ பேனாக்கத்தியோ பட்ட நாலைந்து கீறல். இப்படி முள்ளைத் தள்ளினால் வாட்ச் நாளொன்றுக்கு நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம் முந்தி ஓடும். வீரமலை ஞாயிற்றுக்கிழமை தோறும் துரையின் ஆபிசுக்குப் போய், பெரிய கடிகாரத்தைப் பார்த்துத் தன் வாட்சைச் சரி வைப்பாராம், அவ்வளவு நேர்மையாம், லோஜன் கதையில் அதுவும் உண்டே! ஞாயிறு சரியாக இருக்கும். புதன்கிழமை கால் மணி நேரம் முந்தியிருக்கும். தேயிலை ஆலை மணியைக் கேட்டுப் புறப்பட்டு ஆண்டியப்பன் நேரத்துக்குத்தான் வந்திருப்பார், வந்து நிற்கும்போது கங்காணி வாட்சைத் திறந்து காட்டியிருப்பார், மணி தாண்டிருச்சு, அரைப்பேரு. சுதாகரனுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அட கங்காணி! நேரம் தவறாத சேவையா? தவறவே தவறாது, அதுதான் முள்ளைத் தள்ளி வைத்திருக்கிறாயே!

இதை அவளிடம் சொல்லவேண்டும். போனில் அல்ல, லோஜன் வழியாக அல்ல, இந்த மேசைக்கு எதிரே அவளை உட்கார வைத்து, லென்ஸை அவள் கையில் கொடுத்து, இந்தாங்க, நீங்களே பாருங்க என்று... கோபப்படக்கூடாது, குரல் உயரக்கூடாது, ஒரு டொக்டர் ரிப்போர்ட்டைப் படிப்பது மாதிரி சொல்லவேண்டும். மன்னிச்சுக்கங்க, ஒங்க கொள்ளுத்தாத்தா பத்திச் சொல்ற மாதிரி ஆயிருச்சு. அவள் முகம் எப்படிப் போகும்? ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று அந்த இங்கிலீஷை அவளால் சொல்ல முடியுமா? பேலன்ஸ் சக்கரத்தைக் கழற்றித் தனியாக வைத்தான். லோஜன் முகம் எப்படிப் போகும்? அதை நினைக்கவே இனித்தது. சில்லு சில்லாகப் பிரித்துப் பெட்ரோல் கிண்ணத்தில் போட்டான், தூரிகையால் ஒவ்வொன்றாகத் தேய்த்தான், பல்லிடுக்கெல்லாம் குச்சியால் குத்தித் துடைத்தான், அன்றைக்கு மழையில் வந்தேனே ஞாபகம் இருக்கா என்று கேட்டுவிடலாமா, வேண்டாம், அது சில்லறைத்தனம். ஜும்மா தொழுகை முடிந்து வந்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் கடையின் மறுபாதியைத் திறந்த அன்ஸார் நானா தலையை நீட்டினார். "என்னா தம்பி, சோறு அப்படியே கெடக்கு, தனியா சிரிச்சிக்கிட்டு இருக்கீங்க?" ஒன்றுமில்லை நானா என்றான். "தங்கமா அது? பார்த்து தம்பி, பெரிய எடத்துச் சாமான்." பெரிய இடம்! கொஞ்சம் பொறுங்கள் நானா. இடையில் ஒரு நினைப்பு குறுக்கே வந்தது, இந்தக் குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டால் வாட்ச் பிந்தும், பிந்துகிற வாட்சைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவரவும் முள்ளை விரைவுப் பக்கம்தான் தள்ளவேண்டும், மார்கழிப் பனியில் அவனே எத்தனை வாட்சுக்குத் தள்ளியிருக்கிறான்... ஆனால் கடைசி வரைக்குமா? முள்ளை நகர்த்தாமல் ஒரு நாள் ஓட விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கலாம், பார்க்கலாம். கை தன்பாட்டில் போனது, சுண்ணத்தூள் பூசிய தூரிகையால் தகடுகளைப் பொன்னாக மினுக்கியது, ஊசி முனையில் எண்ணெய் தொட்டு வைத்தது, திருகு திருகாகப் பூட்டியது, சாவி கொடுத்தது, சக்கரம் ஒரு துடிப்புத் துடித்து ஓடத் தொடங்கியபோது அவன் நெஞ்சுக்கும் அது நல்லதாகவே இருந்தது.

குடையை மடக்கிக்கொண்டு ஜெயந்தினி உள்ளே வந்தபோது மணி மூன்றுக்கு ஐந்து நிமிஷம். தலையில் ஒன்றிரண்டு நரை, வீடியோவில் அது தெரிந்திருக்கவில்லை. "எப்படி இருக்கீங்க சுதா, சர்மிளா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, வாட்சைக் கண்டதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இது எங்க வாட்ச்தானா? ஒங்க கைக்கு மோதிரந்தான் போடணும்." அந்த வார்த்தையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுதாகரன் வாட்சைத் தன் பக்கம் இழுத்தான். ஒரு விஷயம் காட்டணும் என்றான். பின்மூடியைத் திறந்தான், லென்ஸை நீட்டினான், அவள் வாங்கிக் கண்ணில் வைத்துக் குனிந்தாள், அவளுடைய தலை எண்ணெய் மணத்தில் ஒரு கணம் எல்லாம் மறந்து... இந்தச் சின்ன முள்ளைப் பாருங்க என்று சொல்லி ஊசியால் தொட்டான். தொட்ட ஊசி அங்கேயே நின்றது. முள் நடுவில் இருந்தது. நட்ட நடுவில், ஒரு மயிரிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லாமல், அவன் எந்த வாட்சைப் பூட்டினாலும் எப்படி வைப்பானோ அப்படி. எப்போது வைத்தான்? சிரித்துக்கொண்டிருந்தபோதா, சில்லறைத்தனம் என்று நினைத்தபோதா? படம் எடுத்தானா? எடுக்கவில்லை, போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, அதில்தான் அவளுடைய வீடியோ. இறுகிக் கிடந்த பழைய எண்ணெயும் பெட்ரோலோடு போயிற்று. கீறல் இருந்த இடமும் மினுமினுத்தது.

"இது... கடைசியில இருந்துச்சு" என்றான். "கடைசியிலயா, அப்படின்னா?" "முந்தி ஓடியிருக்கும். வேணும்னே தள்ளி வச்சிருக்காங்க. பெரட்டுல ஆளுங்களுக்கு அரைப்பேரு போடுறதுக்கு." சொல்லவேண்டுமென்று நினைத்த டொக்டர் குரல் வரவில்லை, நடுங்கிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையனின் குரல்தான் வந்தது. அவள் லென்ஸை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள், வாட்சைப் பார்க்கவில்லை, அவனை. "இப்ப சரியா இருக்குதானே சுதா?" "இப்ப சரியா இருக்கு." "அது போதும்" என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள், பாவம் பார்க்கிற குரலில். பிறகு, வாட்சைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டே, "சின்ன வயசுல அவரு ஒங்கள ரொம்ப நோகடிச்சிருக்காரு, எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை நீங்க சர்மிளா, பிள்ளைங்களோட வரணும், கட்டாயம் வரணும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

நம்பவில்லை. ஏன் நம்புவாள், முள் நடுவில் இருக்கிறது, சொல்கிறவன் வாய் துடிக்கிறது, இவனுக்கு இன்னும் ஆறவில்லை என்றுதானே எவரும் நினைப்பார்கள்... ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஓட விட்டுப் பார்த்திருக்கலாம், மூன்று நாள் சும்மா பூட்டி வைத்திருந்தவனுக்கு ஒரு நாள் கிடைக்கவில்லையா? லோஜன் துடைத்து ஓட வைக்கத்தானே சொன்னான், நேரத்தைச் சரிபண்ணு என்று யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை, அவள் கைக்குப் போகிற வாட்ச் ஒரு நிமிஷம் பிசகக்கூடாது என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். வீரமலை தள்ளியதா, குளிர் தள்ளியதா, இனி உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பூட்டன் நேரத்துக்கு வந்தாரா, பிந்தி வந்தாரா, அதுவும்தான். சுதாகரன் மேசையைத் துடைத்தான், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான், காலையில் அந்த முள்ளைக் கண்ட நேரத்தை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தான், உடம்பு சூடேறியது, ஆமாம், பூட்டனுக்காகத்தானே... இல்லையே. அந்த இரண்டு மைலும், பெரட்டுக் களத்தில் மூச்சிரைக்க நின்ற அந்த மனிதரும் ஒரு நொடிக்கு மேல் நினைவில் தங்கியதாகத் தெரியவில்லை, உடனே ஓடி வந்தது லோஜன் முகம் எப்படிச் சுருங்கும் என்பதுதான், அதற்குப் பிறகு மூன்று மணிவரை அந்த முகத்தையும் இவள் முகத்தையும் தவிர வேறு யாரையும் அவன் நினைக்கவில்லை. அப்படியானால் அந்தக் கிழவருக்காக இன்றைக்கு இந்தக் கடைக்குள் இருந்தது யார்?