ரோஜாவிரலாள்

பக்கத்து வீட்டு சுந்தரதாஸ் வேதக் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர். போதகர் ஆகாமல் பாறசாலையில் டைல்ஸ் கடை வைத்தார். கிரேக்கத்தை மட்டும் விடவில்லை. டைல்ஸ் வாங்கிய வீடுகளில் கல்யாணம் வந்தால் வாழ்த்துப்பா எழுதி, சட்டம் போட்டுக் கொடுப்பார். கேட்காவிட்டாலும் கொடுப்பார்.

முதல் வாழ்த்து தன் கல்யாணத்துக்கே எழுதியது. இன்றும் அவர்கள் வீட்டு டிவிக்கு மேலே தொங்குகிறது. அதில் அவர் மனைவி சத்தியபாய் 'ரோஜாவிரலாள்'. கிரேக்கத்தில் ரோதோதாக்டுலோஸ்; ரோஜாவையும் விரலையும் சேர்த்துக் கட்டிய ஒரே சொல். "இது எனக்குண்டான வார்த்தையாக்கும்" என்று அவள் சொல்லாத விருந்தாளி கிடையாது. சீனி கடன் வாங்கப் போன என்னிடமே எத்தனை முறை!

போன மாதம் எங்கள் சபையில் ஷிஜாவுக்குக் கல்யாணம். சுந்தரதாஸ் மேடையேறி வாசித்தார்.

"ரோஜாவிரலாளே ஷிஜா, வாழ்க!"

பிரியாணி மேசையில் எனக்கு எதிரே சத்தியபாய். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. மாப்பிள்ளை வீட்டோடு காட்டாக்கடையிலிருந்து வந்திருந்த பிஜி, யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமல் சிரித்தாள்.

"எனக்க வாழ்த்துலயும் இதே வார்த்ததான் ஆன்டி! பனச்சமூட்டுல எனக்க நாத்தூனுக்க கல்யாணத்துலயும் இதுதான்."

அந்தக் கல்யாணங்களுக்கெல்லாம் சத்தியபாய் போனதில்லை.

பாராட்டு வாங்க இறங்கி வந்த சுந்தரதாஸுக்கு, மேசையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் படித்தவர் அல்லவா, விளக்கினார்.

"எடி, அது கிரேக்கத்துல பழைய கவிக்க முறையாக்கும். விடியல் வந்தா போரும், ரோஜாவிரலாள் எண்ணு பாடுவாரு. விடியல் அவங்களுக்கு ஒரு தேவியாக்கும். கெழக்க செவக்குதுல்லா, அது அவளுக்க வெரலு. எத்தர தடவ சொன்னாலும் பழசாகாது."

"எல்லாத் தடவையும் விடியலுக்குத்தானா?"

"பின்னே? விடியலுக்குத்தான்."

"அப்போ அந்த ஆளு ஒருத்திக்கே அத்தர தடவ சொன்னாரு" என்றாள் சத்தியபாய். "நீங்க ஆளுக்கு ஒண்ணா பங்கு வச்சிருக்கீங்க."

பிஜி சிரிப்பை நிறுத்தினாள். நானே ஊறுகாயைப் பார்த்துக்கொண்டேன். சுந்தரதாஸ் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. "இல போடட்டா அண்ணாச்சி?" என்று பரிமாறுகிறவன் கேட்டதற்கு, வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை மதிலோரம் துணி காயப்போட்டேன். துணி அதிகமில்லை, நேரம்தான் அதிகம் ஆயிற்று. சத்தியபாய் கிணற்றடியில் மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வந்து நின்றார்.

"சத்தியா, டிவிக்கு மேல கெடக்க அந்த வாழ்த்த எறக்கிரட்டா?"

"கெடக்கட்டு. வாறவங்க வாசிக்கட்டு."

செதில் ஒட்டிய அந்த விரல்களைப் பார்க்க முடியாமல், அவர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.