இல்லாத அண்ணன் வாங்கிப்போன பார்சல்

பழைய வால்வு ரேடியோக்களைத் தேடிப் பிடித்து, பழுதுபார்த்து, பேச வைக்கிறவர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருந்தது. பல் டாக்டர் அதில் சேர்ந்தபோது, ஒருவழியாக நாலு புத்திசாலிகள் நடுவே வந்து சேர்ந்தோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சர்க்யூட்டை ஒப்பிக்கிற அந்த மனிதர்களுக்கு ஓர் அட்டைப்பெட்டியை ஒழுங்காக ஒட்டத் தெரியவில்லை. குழுவில் ஒருவருக்கொருவர் உதிரிபாகம் அனுப்பிக்கொள்வது வழக்கம். ஒருவர் கண்ணாடி வால்வுகளைச் செருப்புப் பெட்டியில் போட்டு, இடம் வீணாகிறதே என்று கூடவே ஓர் இரும்பு டிரான்ஸ்பார்மரையும் வைத்து அனுப்பினார். போய்ச் சேர்ந்தது டிரான்ஸ்பார்மரும் கொஞ்சம் கண்ணாடிப் பொடியும். இன்னொருவர் ஸ்பீக்கரைப் பழைய போர்வையில் முடிந்து அனுப்ப, அது வீட்டைவிட்டு ஓடிப்போகிற ஆளின் மூட்டை மாதிரி வந்து இறங்கியது. பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் ‘அரிய பொருள், விலைமதிப்பற்றது’ என்று எழுதி அனுப்பியவரும் உண்டு. அந்தப் பெட்டி இன்றுவரை யாருக்கும் போய்ச் சேரவில்லை. எழுதியவர் அதற்காக உலகத்தின் நேர்மையைப் பற்றி நீளமாக வருத்தப்பட்டிருந்தார்.

“திருடனுக்கு வழிகாட்டிப் பலகை வெச்சுட்டு, அப்புறம் உலகம் கெட்டுப்போச்சுன்னு அழறாங்க” என்றாள் டாக்டர், நாத்தனாரிடம்.

நாத்தனார் அவளோடுதான் இருந்தாள். டாக்டரின் கணவர் பாதி நாள் வெளியூர் வேலையில் இருப்பவர். நாத்தனார் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுக்கொண்டு துணி தைத்தாள். வருகிற பார்சலை எல்லாம் வாங்கி வைப்பவளும் அவள்தான்.

“அந்தக் குழுவுல ஒருத்தரையாவது உங்களுக்குப் பிடிக்குமா அண்ணி?” என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடியே.

“ரேடியோவைப் பிடிக்கும்.”

குழுவின் தலைவர் ஆடிட்டர். இதே ஊர்க்காரர். யார் என்ன எழுதினாலும் முதலில் அதில் எழுத்துப் பிழை திருத்துவார், பிறகுதான் விஷயத்துக்கு வருவார். ‘கன்டென்ஸர் எறிந்து விட்டது’ என்று பதறிப்போய் எழுதியவருக்கு, ‘எறிந்து அல்ல, எரிந்து. எறிந்தது தாங்களாக இருந்தால் வேறு விஷயம்’ என்று பதில் போட்டவர். அதற்கு ஐம்பது பேர் கைதட்டினார்கள். நேர்மை, ஒழுங்கு, பொறுப்பு என்று வாரம் ஒருமுறை அவர் எழுதுவதைப் படித்துவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்குவாள். ஆனாலும் அந்த மந்தையில் அவர் ஒருவர்தான் பெட்டியைச் சரியாகக் கட்டத் தெரிந்தவர். அந்த அளவுக்கு ஒரு மரியாதை வைத்திருந்தாள்.

டாக்டரிடம் ஒரு ரேடியோ இருந்தது. உள்ளே எல்லாவற்றையும் அவளே சரிசெய்துவிட்டாள். முன்பக்கத்து டயல் கண்ணாடி மட்டும் இல்லை. நிலையங்களின் பெயர் பொன்னிற எழுத்தில் அச்சடித்த நீளமான கண்ணாடி அது. புதிதாக யாரும் செய்வதில்லை. அதே ரக ரேடியோ ஆடிட்டரிடமும் இருந்தது. அவருடைய கண்ணாடி நடுவில் விரிசல் விட்டிருந்தது. இரண்டு பேரும் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அது வேறோர் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த போட்டோக்காரரிடம் கிடைத்தது. முதலில் கேட்டவள் டாக்டர்தான் என்பதால் அவளுக்கே தருவதாகச் சொன்னார். ஆடிட்டரும், ‘முறைப்படி அதுவே சரி’ என்று குழுவில் எழுதினார்.

போட்டோக்காரர் நல்ல மனிதர். ஆனால் படம் எடுக்காமல் அவருக்கு மூச்சுவிட வராது. கண்ணாடியைப் பஞ்சில் பொதிந்ததை ஒரு படம், இரண்டு பலகைக்கு நடுவே வைத்ததை ஒரு படம், பெட்டியை ஒட்டியதை ஒரு படம். கடைசியாக, கூரியர்காரன் ஒட்டிய சீட்டை வெளிச்சம் போட்டு ஒரு படம். அதில் டாக்டரின் விலாசம், போன் நம்பர், பார்சல் எண் எல்லாம் மூக்குக்கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி இருந்தன. ‘நம் டாக்டருக்குப் புறப்பட்டாயிற்று’ என்று எழுதி எல்லாவற்றையும் குழுவில் போட்டார். கைதட்டல் மழையாகப் பொழிந்தது.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாள். ‘தயவுசெய்து அந்தக் கடைசிப் படத்தை எடுத்துவிடுங்கள்’ என்று தனியாக எழுதினாள். போட்டோக்காரர் சாயங்காலம்தான் பார்த்தார். ‘ஏன் மேடம், தெளிவாக இல்லையா?’ என்று கேட்டார்.

பார்சல் வரவில்லை. கூரியர் கம்பெனியின் பக்கத்தில் மட்டும், ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்துவிட்டது.

மறுநாள் அந்தத் தெருவுக்கு வழக்கமாக வரும் டெலிவரிக்காரர் பக்கத்து வீட்டுக்கு ஏதோ கொடுக்க வந்தார். ஐம்பதை நெருங்கும் ஆள். டாக்டர் படியிறங்கிப் போய் வழிமறித்தாள்.

“என் பார்சல் எங்கே?”

“எந்தப் பார்சல் மேடம்?”

“கொடுத்தாச்சுன்னு போட்டிருக்கே, அந்தப் பார்சல். யார்கிட்ட கொடுத்தீங்க? இல்ல, கொடுக்கவே இல்லையா?”

“என் கைக்கு வரவே இல்ல மேடம். வந்திருந்தா உங்க நாத்தனார்கிட்டதானே கொடுப்பேன், எப்பவும் போல.”

“எடுத்ததை எடுத்தேன்னு சொன்னா விட்டுடுவேன். கதை சொன்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். டெலிவரிக்காரர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். தப்பு செய்தவன் இப்படித்தான் நழுவுவான் என்று டாக்டர் நினைத்தாள். உள்ளே வந்த கையோடு கூரியர் கம்பெனிக்குப் போன் போட்டு, அவர்மேல் புகார் கொடுத்தாள்.

“அந்த மனுஷன் எடுத்திருக்க மாட்டார் அண்ணி” என்றாள் நாத்தனார்.

“உனக்கு எல்லாரும் நல்லவங்கதான்.”

குழுவில் துக்கம் விசாரித்தார்கள். ஆளுக்கொரு யோசனை. ஒருவர் பார்சலுக்குள் கைபேசி ஒன்றை ஒளித்து அனுப்பலாம் என்றார். அந்தக் கைபேசி திருடு போனால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். அதைப் பற்றியே ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். ஆடிட்டர் மட்டும் நிதானமாக எழுதினார்: ‘பார்சல்கள் பெரும்பாலும் வாசலுக்கு வந்த பிறகே காணாமல் போகின்றன. டாக்டர் அவர்கள் தம் வீட்டில் உள்ளவர்களை அன்புடன் விசாரித்துப் பார்ப்பது நல்லது.’

அதை டாக்டர் வாய்விட்டுப் படித்தாள். தையல் மெஷின் நின்றது.

“அப்படின்னா நான் எடுத்தேன்கிறாரா?”

“அன்பா விசாரிக்கணுமாம்.”

நாத்தனார் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். டாக்டருக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் ஒரு மனிதரைத் தெருவில் நிறுத்திக் கேட்டபோது தன் குரலும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. அதை அப்போதைக்கு ஒதுக்கித் தள்ளினாள்.

அன்றே கிளினிக்கைச் சீக்கிரம் மூடிவிட்டு, நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு கூரியர் கிடங்குக்குப் போனாள். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். உள்ளே அந்த டெலிவரிக்காரர் முதுகு வளைய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். புகார் வந்ததும் அவரைத் தெருவிலிருந்து எடுத்துச் சுமை தூக்கப் போட்டுவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் இவளைப் பார்த்தார், பார்க்காதவர் போல மூட்டையை நகர்த்தினார்.

கௌண்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். “இது வீட்டுக்கே போகலையே மேடம். இங்கேயே நேர்ல வந்து வாங்கிட்டுப் போயிருக்காங்க. உங்க அண்ணன்தான்.”

“எனக்கு அண்ணனே கிடையாது.”

“அண்ணன்னுதான் சொன்னாரு. பார்சல் எண், உங்க போன் நம்பர் எல்லாம் கரெக்டா சொன்னாரு. பெட்டியோட படம்கூட அவர் போன்ல இருந்துச்சு. சந்தேகப்படத் தோணலை மேடம்.”

“ஆள் எப்படி இருந்தார்?”

அந்தப் பெண் யோசித்தாள். “பெரிய மனுஷன் மாதிரிதான் இருந்தாரு. கண்ணாடிச் சாமானை இப்படியா அடுக்குவீங்கன்னு எங்களை ஒரு பிடி பிடிச்சாரு. அப்புறம் அந்த போர்டைப் பார்த்து, அதுல ‘ப்’ விட்டுப்போச்சுன்னு பேனாவால எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு.”

சுவரில் ‘பொருட்களை பெற்றுக்கொள்ளும் இடம்’ என்று ஒரு போர்டு இருந்தது. இரண்டு சொல்லுக்கும் நடுவே, நீல மையில், அழகான ஒரு ‘ப்’.

நாத்தனாரும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“திருட வந்த இடத்துலயுமா அண்ணி?” என்றாள் நாத்தனார்.

ஆடிட்டரின் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. ரேடியோக்காரர்கள் என்றதும் முகத்தில் சலிப்பு தெரிந்தது. “அந்த ரூம்லதான் இருக்கார், போங்க” என்று கை காட்டினார்.

அறை படு சுத்தம். அலமாரியில் உதிரிபாகங்கள் டப்பா டப்பாவாக, பெயர் ஒட்டி, ஒரு பிழையில்லாமல் இருந்தன. மேஜைமேல் ரேடியோ. அதன் நெற்றியில் பொன்னெழுத்துக் கண்ணாடி, விரிசல் இல்லாமல், நாலு மூலையிலும் திருகு முடுக்கி உட்கார்ந்திருந்தது. ஆடிட்டர் அதை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பதறவில்லை. துணியை நாலாக மடித்து வைத்தார்.

“வாங்க, வாங்க. நானே கூப்பிடணும்னுதான் இருந்தேன்.”

“எதுக்கு?” என்றாள் டாக்டர்.

“இது ஒரு ஒத்திகை, டாக்டர். நம்ம ஆட்கள் பார்சல் எண்ணைப் படம் எடுத்துப் போடறாங்களே, அது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு வாயால சொன்னா புரியுதா? செஞ்சு காட்டினாத்தான் புரியும். யார் வேணும்னாலும் போய் வாங்கிடலாம்கிறதை நிரூபிச்சிருக்கேன்.”

“நிரூபிச்சுட்டு, திருகு போட்டு மாட்டிட்டீங்க.”

“சும்மா வெச்சா உடைஞ்சுடும். பாதுகாப்புக்குத்தான்.”

“எங்க வீட்டுல விசாரிக்கச் சொன்னீங்களே, அது?”

“அதுவும் ஒத்திகையோட பகுதிதான்” என்றார் ஆடிட்டர். சொல்லிவிட்டு நாத்தனாரைப் பார்க்காமல் ரேடியோவைப் பார்த்தார்.

டாக்டர் எத்தனையோ பேரை இளக்காரமாக நினைத்திருக்கிறாள். செருப்புப் பெட்டிக்காரரை, போர்வை மூட்டைக்காரரை, பாவம் அந்தப் போட்டோக்காரரை. அந்த இளக்காரம் எல்லாம் ஒரு பொழுதுபோக்கு என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இந்த ஆள்மேல் வந்தது நிஜமான வெறுப்பு. திருடியதற்கல்ல. ஆசைப்பட்டு எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவளும் அதே கண்ணாடிக்கு ஏங்கினவள்தான், புரிந்திருக்கும். மாட்டிக்கொண்ட பிறகும் பாடம் எடுக்கிறானே மனுஷன், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அறை வாசலில் மனைவி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் போய் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து கணவரின் முன்னால் வைத்தார்.

“கழட்டுங்க.”

“நீ விஷயம் புரியாம...”

“எனக்கு நல்லாப் புரியுது. கழட்டுங்க.”

ஆடிட்டர் கழற்றினார். ஒரு திருகு கீழே விழுந்து உருண்டது. யாரும் குனியவில்லை. அவரே மேஜைக்கடியில் போய்த் தேடி எடுத்தார். கண்ணாடியை நாத்தனார்தான் வாங்கி, கொண்டுவந்திருந்த துண்டில் சுற்றினாள்.

“போலீசுக்குப் போவீங்களா?” என்று மனைவி வாசல்வரை வந்து கேட்டார். கெஞ்சலாக இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“குழுவுல இவரே உண்மையைச் சொன்னாப் போதும்” என்றாள் டாக்டர்.

ஆடிட்டர் சொன்னார். அவர் பாணியில் சொன்னார். ‘ஒரு பாதுகாப்பு ஒத்திகையும் அதன் படிப்பினைகளும்’ என்று தலைப்புப் போட்டு, ஓர் ஒற்றுகூடத் தவறாமல், நீளக் கட்டுரை வந்தது. பார்சல் எண்ணை வெளியில் காட்டாதீர்கள், பெட்டிமேல் உள்ளிருப்பதை எழுதாதீர்கள், வாங்க வருபவர் யாரென்று உறுதிசெய்யுங்கள் என்று எல்லாம் சரியான புத்திமதிகள். அதைத்தான் டாக்டரால் சகிக்கவே முடியவில்லை. டாக்டர் தன் பங்குக்கு நடந்ததை நடந்தபடி நாலு வரியில் எழுதினாள், திருகு மாட்டியதையும் சேர்த்து. கட்டுரைக்குக் கைதட்டல் குவிந்தது. அவள் எழுதியதற்குக் கீழே செருப்புப் பெட்டிக்காரர், ‘தலைவரின் நோக்கத்தை டாக்டர் புரிந்துகொள்ளவில்லை’ என்று வருத்தப்பட்டிருந்தார்.

அவள் குழுவிலிருந்து வெளியேறினாள். தனியாகப் போன் செய்து மன்னிப்புக் கேட்டவர் போட்டோக்காரர் மட்டும்தான்.

கிடங்குக்கு மறுபடி போக டாக்டருக்குக் கால் வரவில்லை. புகாரைத் திரும்ப வாங்கியே ஆகவேண்டும் என்று நாத்தனார் இழுத்துக்கொண்டு போனாள். கிடங்கு மேலாளர், “புகார் கொடுக்கத்தான் மேடம் வழி இருக்கு, திரும்ப வாங்க வழி இல்லை” என்று சொல்லிப் பார்த்தார். தப்பு தன்னுடையது என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, தலைமை ஆபீசுக்கும் பேசி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் டெலிவரிக்காரரைப் பழைய தெருவுக்கே அனுப்புவதாகச் சொன்னார்.

மூட்டைகளுக்கு நடுவே நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“திருடன்னு சொன்னப்போ தெருவே கேட்டுச்சு மேடம். மன்னிப்பை மட்டும் இங்க மூலையில வெச்சு சொல்றீங்க.”



சில நாள் கழித்து அவர் நாத்தனாருக்கு ஒரு துணிப் பார்சல் கொண்டு வந்தார். டாக்டர் படியிறங்கி வந்து தெருவில் நின்றாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. “அன்னைக்கு நான் உங்களைச் சொன்னது தப்பு. நீங்க எதையும் எடுக்கலை. தீர விசாரிக்காம பேசிட்டேன்” என்று, மாடிக்கும் கேட்கும்படி சொன்னாள். காது மடல் சூடாகிவிட்டது.

டெலிவரிக்காரர் பார்சலை நீட்டினார்.

“சரி மேடம். நாத்தனாரைக் கூப்பிடுங்க, அவங்கதான் கையெழுத்துப் போடணும்.”