கேசட்டில் விழுந்த ரீங்காரம்

பழவேற்காட்டில் அறிவுள்ளவர்கள் இரண்டே பேர் என்பது அப்துல் லத்தீபின் கணக்கு. ஒருவர் அவர். இன்னொருவர் இன்னும் பிறக்கவில்லை. இறால் கம்பெனியில் ஐஸ் கொட்டி எடை பிடிக்கிற வேலைதான் பார்த்தார் என்றாலும், கட்டைகளை அழுத்திக் கம்பியை மீட்டுகிற புல்புல்தாராவில் தன்னை அடித்துக்கொள்ள மதராஸிலேயே ஆள் கிடையாது என்று நம்பினார். நம்பியதோடு விட்டாரா, டீக்கடைக்கு டீக்கடை சொல்லியும் வைத்திருந்தார்.

அந்த வருஷம், எண்பத்து மூன்றில், அதை நிரூபிக்க ஒரு வழி பிறந்தது. மதராஸில் தர்கா கச்சேரிகளுக்கு வாசிக்கிற மாசிலாமணி மாஸ்டர் குழுவில் புல்புல்தாராவுக்கு ஆள் தேவைப்பட்டது. நேரில் வரவேண்டாம், ஒரு கேசட்டில் வாசித்து அனுப்பட்டும், கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன் என்று மாஸ்டர் சொல்லி அனுப்பினார். தேறிவிட்டால் இறால் வாடைக்கு ஒரு பெரிய கும்பிடு. தேறாவிட்டால் சாகிறவரை அதே ஐஸ் பெட்டி. நாற்பதை நெருங்குகிற மனிதருக்கு இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு முறை வராது. அது லத்தீபுக்கு நன்றாகவே தெரியும்.

கேசட் பதிகிற செட் இருந்தது மச்சினன் ரியாசுதீன் வீட்டில். துபாயிலிருந்து லீவில் வந்தவன் செட்டோடு ஒரு ஃப்ரிட்ஜையும் இறக்கியிருந்தான். அங்கே அவன் ஓட்டுவது சிமெண்ட் லாரி. இங்கே பேசுவதோ டேப் ரெக்கார்டரையே அவன்தான் கண்டுபிடித்தது போல. லத்தீப் தன் புல்புல்தாராவை, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகிற ஒரு ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, அதிலிருந்து செட்டுக்கு ஒயர் இழுத்தார். காலையிலேயே ஒரு பாட்டு முழுக்க வாசித்தார். திருப்பிப் போட்டுக் கேட்டால், பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம், பாதிப் பாட்டை அதுவே விழுங்கியது. பாட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

"ஏரிக்காத்து மச்சான். மைக்ல உப்பு பூந்துக்கீது," என்றான் ரியாசுதீன்.

"மைக்கு எங்கடா கீது இதுல? கம்பிக்குக் கீழ காந்தக் காயிலுதான் வெச்சுக்கீது. கண்ண எங்க வெச்சினு பாக்கற?"

"அப்ப ஜப்பான் செட்டுக்கு நம்ம ஊரு வோல்டேஜ் ஒத்துக்கல."

"ஒனக்குத்தான் ஒத்துக்கல. வாய மூடு."

கடைசியில் கோட்டைக்குப்பத்து ஒயர்மேன் பொன்னுரங்கத்தைக் கூட்டிவந்தார்கள். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குக் கரண்ட் வேலை செய்தவன் அவன். காதில் செருகியிருந்த டெஸ்டரை எடுத்து இங்கே தொட்டான், அங்கே தொட்டான், டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"எர்த்து பத்தல பாய். ஏரிக்கரை சேத்துல நல்லதா ஒண்ணு போட்டா, எல்லாம் அடங்கிடும்."

போட்டான். சும்மாவா போட்டான்? கரையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழைய நங்கூரத்தை இடுப்பளவு பள்ளத்தில் புதைத்து, அதிலிருந்து ஒயரை இழுத்துவந்து ஆம்ப்ளிஃபயரின் முதுகில் கட்டினான். படகு நிற்பதற்குப் போடுகிற நங்கூரத்தைப் பாட்டு ஓடுவதற்குப் போட்ட ஒரே ஊர் இதுவாகத்தான் இருக்கும். சுவிட்சைப் போட்டதும், அதுவரை ஈ பறந்த இடத்தில் மோட்டார் படகே வந்து நின்றது.

லத்தீப் பல்லைக் கடித்தார். இந்த முட்டாள்களை நம்பினால் காரியம் ஆகாது என்று ஒவ்வொரு ஒயராகத் தானே தொடர்ந்து போனார். வாசலில் மீட்டர் பெட்டி வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கிறது, தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. மீட்டரின் சக்கரம் மட்டும் அசையாமல் நிற்கிறது.

"ஃப்ரிட்ஜு ஓடுது. மீட்டரு ஏண்டா தூங்குது?"

ரியாசுதீன் பொன்னுரங்கத்தைப் பார்த்தான். பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தான். "இது இன்னா பாய் புதுசா? தெருவுல எல்லா வூட்லயும் அப்டித்தான்."

விஷயம் இதுதான். கம்பத்திலிருந்து ஒரு ஒயரில் வருகிற கரண்ட் இன்னொரு ஒயரில் திரும்பிப் போகவேண்டும். மீட்டர் கணக்கெடுப்பது அதில் ஒன்றை மட்டும்தான். மீட்டருக்கு முன்னால் இரண்டு ஒயரையும் மாற்றிக் கட்டி, கொல்லையில் ஒரு இரும்புக் குழாயைப் புதைத்து, கரண்டை மண் வழியாகவே திருப்பி அனுப்பிவிட்டால் மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. வேறு ஊரில் மண் காய்ந்து கிடக்கும், பல்பு மினுக் மினுக்கென்று அழும். இங்கே ஏரி உப்பு ஊறிய ஈர மண், செம்புக் கம்பி போல வேலை செய்தது. ஆக, தெரு மொத்தத்தின் திருட்டுக் கரண்டும் காலுக்கடியில் ஓடி, கேசட்டில் ரீங்காரமாக ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் நங்கூரத்தைப் புதைத்து, பாட்டுக்குள் வா வா என்று அழைத்திருந்தான் பொன்னுரங்கம்.

"பில்லு கட்ட வக்கில்ல, ஃப்ரிட்ஜு கேக்குதா ஒனக்கு? அதுல ஜில்லுனு தண்ணி வேற! தூ!" லத்தீப் கத்தியதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "பெரிய துபாய்க்காரன்! பெரிய ஒயர்மேனு! ஊரே திருட்டுப் பசங்க ஊரு!"

தம்பியைத் திட்டுவதை அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த லத்தீபின் மனைவி அக்தர் பேகம் வாயைத் திறந்தாள். "நம்ம வூட்லயும் இவர்தானங்க ஒயரிங் போட்டாரு? கொல்லையில கொழா பொதச்சுக்கீதே."

"நீ சும்மா கெட," என்றார் லத்தீப்.

தெரு முழுக்கப் போய் ஃபேனை நிறுத்து என்று சொல்ல முடியாது. சாயங்கால பஸ்ஸில் ரியாசுதீன் மதராஸ் போகிறான், கேசட் அவன் கையோடு போக வேண்டும். நல்லவேளையாக வழக்கம்போல் கரண்ட் போனது. எல்லோரும் விசிறியைத் தேட, அவர் மட்டும் துள்ளி எழுந்தார். கரண்டே இல்லையென்றால் மண்ணுக்குள் எது ஓடும்? ஆம்ப்ளிஃபயரை, அதோடு வாடகைக்குப் போகிற லாரி பேட்டரியில் மாட்டினார். செட்டுக்கு துபாய் பேட்டரிகள் போடச் சொன்னார். நங்கூரத்து ஒயரைப் பிடுங்கி எறிந்தார். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் வாசித்தார்.

திருப்பிப் போட்டார்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் கேசட்டில் துளி சத்தமில்லை. லத்தீப் பொன்னுரங்கத்தை ஒரு பார்வை பார்த்தார். இதுதாண்டா மூளை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

பிறகு பாட்டு வந்தது.

விரல் படுகிற இடமெல்லாம் கட்டைகள் டக்டக்கென்று அடித்தன. இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே போயின. வேகம் எடுக்கவேண்டிய இடத்தில் கை பின்தங்கியது, பிறகு மூச்சிரைக்க ஓடிப் பிடித்தது, பிடித்த இடமும் தப்பான இடம்.

"பேட்டரி டவுனு. டேப்பு மெதுவா சுத்துது," என்றார் லத்தீப்.

ரியாசுதீன் பார்த்தான். "புதுசு மச்சான். இப்பத்தான பிரிச்சேன். சூப்பரா கீது, ஒரு எரைச்சல் இல்ல."

லத்தீப் மனைவி பக்கம் திரும்பினார். "இன்னாடி, எப்டி கீது?"

அக்தர் பேகம் மனதாரச் சிரித்தாள். "நல்லா கீதுங்க. நீங்க டெய்லி வூட்ல வாசிக்கற மாதிரியே கீது."

பதினைந்து வருஷமாக அவள் கேட்டது இதைத்தான். தெருவும் கேட்டது இதைத்தான். டீக்கடையில் அவர் பேசியபோது எல்லோரும் தலையாட்டியது மரியாதைக்கு. லத்தீபுக்குக் காது சுட்டது. திட்டுவதற்கு ஆள் தேடினார், யாரும் அகப்படவில்லை. அழுகை கூட வரும்போலிருந்தது. பாட்டு முடிகிறவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்தது. ரியாசுதீன் சட்டையை மாட்டிக்கொண்டு கையை நீட்டினான். "குடுங்க மச்சான், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

லத்தீப் புதிய கேசட்டை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். காலையில் பதிந்த கேசட்டை அவனிடம் கொடுத்தார்.

"இது அந்த எரைச்சலா கீறதாச்சே?"

"இருக்கட்டும். மாஸ்டர் எதுனா கேட்டா, எங்க ஊர்ல கரண்டு சரியில்லனு சொல்லு."