ஹார்யோ கொடுத்த பெட்ரோல் டியூப்

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வர்தோயோவின் பழைய வெஸ்பா தன் காலாலேயே மலையேறி கோப்பெங் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அங்கே இருக்கும் மைத்துனன் குணாதியின் காப்பிக்கடைச் சுவரில் அதை மாட்டிவிடுவார்கள். ஓடும் வண்டி அவனுக்கு எதற்கு? கல்லாவுக்குப் பின்னால் தொங்கவிட்டு, மேலே ஒரு மஞ்சள் விளக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். சுவரில் வெஸ்பா தொங்காத கடையில் காப்பி குடித்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது ஜீரணமாவதே இல்லை.

"ஓடுற வண்டியக் கேட்டா பாவம்ணே," என்று போன வாரம் விருந்துக்கு வந்தபோது குணாதி உருகினான். "இது எப்படியும் வாசல்ல தூங்குது. எங்க சுவத்துல வந்து தூங்கட்டுமே."

"யாருடா தூங்குறது? ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள இதுலயே உன் கடைக்கு வரேன். வரலைன்னா நீயே எடுத்துக்க!" வாயில் சோறு இருக்கும்போது வீம்பு பேசக் கூடாது என்பது வர்தோயோவுக்கு எப்போதுமே பேசி முடித்த பிறகுதான் தோன்றும்.

"நான் சாட்சி," என்று மனைவி லாஸ்த்ரி கையைத் தூக்கினாள். அந்த வண்டி சொட்டிய எண்ணெயைத் துடைத்துத் துடைத்தே வாசல் தரை ஒரு விரற்கடை பள்ளமாகிவிட்டது என்பது அவள் கட்சி.

ஒழுகிய பெட்ரோல் டேங்கை வர்தோயோ வாரம் முழுக்க ஊதி, உலுக்கி, அடைத்து, பெயின்ட் அடித்து, தொட்டிலில் போடாத குறையாகப் பார்த்துக்கொண்டார். ஞாயிறு காலை அதைத் திரும்ப மாட்டுவதுதான் பாக்கி. அந்த வேலையைக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொண்டிருக்கலாம். வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று தெருவில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் ஊரான சாலாதிகாவில் நடுரோட்டில் மனிதன் மயங்கி விழுந்தால் யாராவது ஒருத்தர் பார்க்காமல் போனாலும் போகலாம். சீட்டைத் திறந்து போட்ட வெஸ்பாவை மட்டும் இன்னொரு வெஸ்பாக்காரன் தாண்டிப் போகவே மாட்டான். போனால் ஏழு தலைமுறைக்குக் கிக்கர் உதைத்தாலும் வண்டி கிளம்பாது.

முதலில் வந்தவர் ஹார்யோ. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஊரே குனிந்து வணங்கும் மனிதர். டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் வர்தோயோவின் பழைய டியூபைப் பார்த்தார். அது அப்பளமாகக் காய்ந்திருந்தது. தன் வெஸ்பாவின் பெட்டியைத் திறந்து, பட்டுத்துணியில் சுற்றிய புத்தம்புது டியூபை எடுத்து நீட்டினார்.

"சுரபாயாவுல வாங்குனது. என் வண்டிக்குன்னு வச்சிருந்தேன். நீங்க போடுங்க, பாக்."

'பாக்' என்றால் இந்த ஊரில் ஐயா. வர்தோயோ நெகிழ்ந்துபோய் இரண்டு கையாலும் வாங்கினார். நீளமான டியூப். நீளமென்றால் அதைக்கொண்டு கிணற்றில் தண்ணீர் சேந்தலாம், மிச்சத்தில் துணி காயப் போடலாம். வெட்டிப் போட்டால் கொடுத்தவர் என்ன நினைப்பார்? முழுசாக அப்படியே மாட்டினார். டேங்கை இறக்கி, பெட்ரோலைத் திறந்து மூடும் திருகின் கம்பியை ஓட்டைக்குள் நுழைத்து, போல்ட்டை முறுக்கி, சீட்டைப் பூட்டினார். வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, உதைத்தார்.

என்ன சத்தம்! பக்கத்து வீட்டுக் கோழிகளெல்லாம் எழுந்து நின்றன. வர்தோயோ ராஜாவாட்டம் கிளம்பி மசூதி முனைவரை போனார். அங்கே வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு மூச்சை விட்டது. தள்ளிக்கொண்டு வந்தார்.

மறுபடி டேங்கைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்தால் பெட்ரோல் ஜோராக இறங்கியது. கீழே இறக்கி முறுக்கினால் கார்புரேட்டரில் ஏற்கனவே கிடந்த பெட்ரோல் தீரும்வரை ஓட்டம், அப்புறம் மௌன விரதம். காரணம் முதல் தடவையே வர்தோயோவுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. டேங்க் உட்கார்ந்ததும் அந்த நீளமான டியூப் அடியில் மலைப்பாம்பாகச் சுருண்டு, மடங்கி, கழுத்து நெரிபட்டுக் கிடந்தது.

ஒரு சாண் வெட்டினால் தீர்ந்தது. ஆனால் ஹார்யோ அங்கேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, லாஸ்த்ரி கொடுத்த சர்க்கரைத் தேநீரை உறிஞ்சியபடி, "சுரபாயா டியூப் மாதிரி வராது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதற்கு இங்கே சுங்கான் என்று பெயர். சங்கோஜம் என்று சொன்னால் கால்வாசிதான் சொன்னதாகும். வீடு தீப்பிடித்தாலும் விருந்தாளி வாயிலிருக்கும் சோயா டெம்பே வறுவலை மென்று முடிக்கும்வரை தீயணைப்பு வண்டியைக் கூப்பிடாமல் இருப்பதுதான் சுங்கான்.

இரண்டாவதாக வந்தவன் காய்கறி வியாபாரி பசூக்கி. டேங்குக்கு அடியில் எட்டிப் பார்த்தான். ஹார்யோவைப் பார்த்தான். முகம் மாறியது.

"டியூப்பு... நல்லா தாராளமா இருக்கு, பாக்."

"ஹார்யோ ஐயா குடுத்தது," என்றார் வர்தோயோ அவசரமாக.

"அதானே பார்த்தேன்! அப்ப கோளாறு ப்ளக்லதான்." ப்ளக்கை மாற்றினான்.

அடுத்து வந்தவர் பேங்க் மேனேஜர். "ரொம்ப... கௌரவமான டியூப்," என்று சொல்லிவிட்டுக் கார்புரேட்டரைக் கழுவினார். அதற்கும் பிறகு, வண்டி முழுக்க மாட்டு மண்டையோடு கட்டித் தொங்கவிட்ட ஒருவன் வந்தான். எமனே இறங்கி வழிவிடும் கோலம். அவனும் டியூபைப் பார்த்ததும் கைகட்டி, "நான் இக்னிஷன் பாயின்ட்டைத் தேய்ச்சுப் பாக்கட்டுங்களா?" என்றான். பதினொரு மணிக்குத் தெருவில் ஒரு சின்னச் சந்தையே கூடிவிட்டது. வண்டியில் அந்த டியூபைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். லாஸ்த்ரி மூன்றாவது சட்டி வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது குணாதி வந்தான், பிக்கப் வேனில். பின்னால் கயிறும் மெத்தையும் தயாராக இருந்தன.

"உதவிக்கு வந்தேண்ணே," என்றான் சிரித்தபடி. குனிந்து பார்த்தான். புரிந்துகொண்டான். ஹார்யோவின் முன்னால் போய் இடுப்பு வளைத்து நின்றான். "ஐயா, என்ன அருமையான டியூப்பு! அண்ணே, எதை வேணா மாத்துங்க, இதுல மட்டும் கை வச்சிராதீங்க. ஐயாவோட மனசு அது."

வர்தோயோ தலையைத் தூக்கிப் பார்த்தார். பிக்கப்பில் மெத்தை விரிகிறது. அந்தப் பயல் மரியாதையை வைத்தே கழுத்தை அறுக்கிறான். இனி வாயைத் திறக்காவிட்டால் வண்டிக்கு ஆணிதான் கதி. எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஹார்யோவின் முன்னால் போய்க் குந்தினார்.

"ஐயா, ஒரு விண்ணப்பம். மலை ரோடு. போற வழியில என்ன ஆகும்னு யாரு கண்டது? நீங்க குடுத்தது முழுசும் ஒரே நாள்ல போயிட்டா என் மனசு ஆறாது. ஒரு துண்டாவது வீட்ல பத்திரமா இருக்கணும். உங்க கையாலயே வெட்டிக் குடுப்பீங்களா?"

தெருவே மூச்சைப் பிடித்தது. மண்டையோட்டுக்காரன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஹார்யோ மெல்ல எழுந்தார். கத்தி வாங்கினார். அளக்கவில்லை, யோசிக்கவில்லை. டியூபைச் சரியான இடத்தில், ஒரு சாணுக்கு, சரக்கென்று வெட்டினார். வெட்டிவிட்டு வர்தோயோவின் காதோரம் குனிந்தார்.

"காலையிலேயே சொல்லணும்னு இருந்தேன், பாக். நீங்க அவ்வளவு ஆசையா முழுசா மாட்டுனீங்க. எப்படிச் சொல்றதுன்னு ஒரே சங்கடம். எட்டு கிளாஸ் டீ குடிச்சிட்டேன்."

பசூக்கி டேங்கை இறக்க, மேனேஜர் டியூப் நுனியை அந்தப் பக்கமிருந்து இழுத்துப் பிடிக்க, மண்டையோட்டுக்காரன் போல்ட்டை முறுக்கினான். வண்டியைச் சாய்த்து, நிமிர்த்தி, ஒரே உதை. மசூதி முனை வந்தது, போனது. வர்தோயோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் பின்னால் தெருவில் இருந்த அத்தனை வெஸ்பாவும் கிளம்பின. அவற்றுக்கும் பின்னால் குணாதியின் பிக்கப். ஹாரன் அடித்து முந்திப் போயிருக்கலாம். ஆனால் கடைசி வண்டியில் போனவர் ஹார்யோ ஐயா. அவருக்குப் பின்னால் நின்று ஹாரன் அடிக்கிற அளவுக்கு குணாதியின் அம்மா அவனை வளர்க்கவில்லை. மலை முழுக்கப் புகையைக் குடித்துக்கொண்டே ஊர்ந்தான்.

அவன் கோப்பெங் வந்து இறங்கியபோது மதிய பாங்கு இன்னும் சொல்லவில்லை. வர்தோயோவின் வண்டி கடை வாசலில் துடித்துக்கொண்டு நின்றது. உள்ளே நாற்காலி ஒன்றும் காலியில்லை. குணாதி முகத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பைத் தேடி எடுத்து ஒட்டிக்கொண்டான்.

"வாங்க, வாங்க. எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும். எல்லாம் என் பொறுப்பு."

இப்படிச் சொன்னால் மூன்று தரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. வர்தோயோ ஹார்யோவைப் பார்த்தார். ஹார்யோ பசூக்கியைப் பார்த்தார். யாரும் ஒரு தரம்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எனக்கு ரெண்டு காப்பி," என்றார் ஹார்யோ. "டீ மட்டும் வேண்டாம்."